முட்டை ஓடும் கோழியின் மூச்சும்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து கோழிகள் தோல்முட்டை இடுகின்றன, கால்சியம் மருந்தை இரட்டிப்பாக்கியும் பலனில்லை, கடைக்காரர் இன்னும் விலை கூடிய பாட்டிலைக் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஓடு மெலிந்ததும் கால்சியம் பாட்டிலைத் தூக்குகிற இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். எடையில் கால்சியம் ஐந்தில் இரண்டு பங்குதான். மீதி மூன்று பங்கு எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்கவே இல்லையே! கோழியின் ரத்தத்தில் கரைந்துள்ள கரியமில வாயுவிலிருந்து. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் அலகைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். இரைக்க இரைக்கக் கரியமில வாயு வெளியேறிவிடும். ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் ரத்தத்தில் குறைந்துவிடும். செங்கல் குவிந்து கிடந்தும் சிமெண்டு இல்லாமல் நின்ற கட்டடம்தான் உன் தோல்முட்டை. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் வாடிய லெகார்ன் கோழிகளுக்குக் கரியமில வாயு கரைந்த சோடாத் தண்ணீர் வைத்தார்கள், ஓடு தேறியது. பிரியாணிக்குப் பின் ஆம்பூர்க்காரர்கள் குடிக்கிற அதே சரக்குதான்!

தீனியே முக்கியமில்லை என்று நான் சொன்னதாக ஊரில் பரப்பிவிடாதே. ஜாவாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எய்க்மன் என்ற மருத்துவர் வளர்த்த கோழிகள், மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்று கால் தளர்ந்து விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்தார். தவிடு நீங்காத, தீட்டாத அரிசி தின்றதும் கோழிகள் எழுந்துவிட்டன. வைட்டமின் ஆராய்ச்சிக்கு வழி திறந்த அந்தக் கோழிகளால் எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தச் சமையல்காரர் மேல்தான் மரியாதை கூடுகிறது. தவிட்டை இளக்காரமாகப் பேசாதே.

உங்கள் ஊரில் தண்ணீரையும் சந்தேகப்பட வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளில் பச்சைத் தோலை உப்பிட்டு வைத்து, பிறகு ஊறவைத்து அலசுகிறார்கள். அந்த உப்பு பாலாற்றுப் படுகையில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. உப்புநீர் குடித்தாலும் ஓடு மெலியும். வெயிலில் கோழி இன்னும் அதிகமாகக் குடிக்கும். அதனால் தண்ணீரைப் பரிசோதிக்காமல், பைகார்பனேட் கிடைக்கும் என்று ஆப்ப சோடாவைக் கலக்காதே, அதிலும் சோடியம்தான்.

தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பு. உச்சிவெயிலில் தீனி வேண்டாம். விடியற்காலையிலும் சாயங்காலமும் வை. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கெட்டியாகிறது, எனவே கிளிஞ்சலைப் பொடியாக்காமல் நொறுக்கி, அந்தியில் போடு. தண்ணீர்ப் பானையை நிழலுக்கு மாற்று.

கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையோடு அடுத்த கடிதம் எழுது. அதுவரை அந்தப் பாட்டிலை வாங்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்