காக்கையும் பனம்பழமும்: சூரியக் காற்றும் காந்தத் துணைப்புயலும்

முன்னுரை

ஒன்றன்பின் ஒன்று நிகழுமாயின், முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்வது மனித இயல்பு. அங்ஙனம் கொள்வது எப்போதும் பொருந்தாது என்பதைக் ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்னும் பழமொழி உணர்த்துகின்றது. இதே ஐயம் விண்வெளி அறிவியலிலும் எழுந்துள்ளது. சூரியக் காற்றின் காந்தப்புல மாற்றத்திற்கும், புவியின் காந்தக்கோளத்தில் எழும் துணைப்புயலுக்கும் உள்ள தொடர்பை அவ்வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூரியக் காற்றும் காந்தக்கோளமும்

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் இடையறாது வெளிப்படுகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் விரைவில் வரும் இவ்வோட்டத்தையே சூரியக் காற்று என்பர். இது சூரியனின் காந்தப்புலத்தையும் உடன்கொண்டு வருகின்றது. புவியின் காந்தப்புலமோ இக்காற்றைத் தடுத்து, நம்மைச் சூழ்ந்த அரண்போல் விளங்குகின்றது. அவ்வரணே காந்தக்கோளம். பகற்பக்கத்தில் ஒடுங்கியும், இரவுப்பக்கத்தில் நெடிய வால்போல் நீண்டும் இது காணப்படும்.

கனியும் பருவம்

பகற்பக்க எல்லையில் புவியின் காந்தப்புலம் வடக்கு நோக்கியது. சூரியக் காற்றின் புலம் தெற்கு நோக்கித் திரும்புங்கால், எதிரெதிர்ப் புலக்கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைகின்றன. ‘காந்த மறுஇணைப்பு’ எனப்படும் இக்கருத்தைக் காந்தக்கோளத்திற்குப் பொருத்தி 1961இல் விளக்கியவர் டஞ்சி என்னும் ஆங்கில அறிஞர். இணைந்த கோடுகளைக் காற்று இரவுப்பக்கம் இழுத்துச் செல்ல, வாற்பகுதியில் ஆற்றல் சேர்கின்றது. ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரம் நீடிக்கும் இந்நிலையை வளர்நிலை என்பர்.

பின்னர் அவ்வாற்றல் திடீரென விடுபடுகின்றது. துகள்கள் துருவப் பகுதிகளில் பாய, அங்குத் துருவஒளி பொங்கிப் பரவுகின்றது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடங்கும் இந்நிகழ்வின் படிநிலைகளை 1964இல் வகுத்துரைத்தவர் ஜப்பானில் பிறந்த அகசோஃபு ஆவார்.

காக்கை எது?

ஆற்றல் விடுபடும் அக்கணத்தைத் தீர்மானிப்பது யாது? பல துணைப்புயல்கள் தொடங்கும் வேளையில், தெற்கு நோக்கியிருந்த புலம் வடக்கு நோக்கித் திரும்பியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். அத்திருப்பமே துணைப்புயலைத் தூண்டுகின்றது என்று லயன்ஸ் முதலானோர் 1990களில் வலியுறுத்தினர்.

இக்கருத்தை ஃபிரீமன், மோர்லி ஆகியோர் மறுத்தனர். வடக்குத் திருப்பம் எதனையும் தூண்டாத எளிய கணித மாதிரியிலும் அதே ஒற்றுமை தோன்றுவதை 2009இல் அவர்கள் காட்டினர். புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் ஆற்றல் சேரும். என்றும் அலைவுறும் புலமோ நெடுநேரம் தெற்கிலேயே நில்லாது. ஆதலின் ஆற்றல் நிறைந்த வேளையும், புலம் வடக்கே திரும்பும் வேளையும் அருகருகே அமைதல் இயல்பே. பழம் கனிந்திருந்தது, காக்கையும் வந்தமர்ந்தது.

2007இல் ஏவப்பட்ட ‘தெமிஸ்’ திட்டத்தின் ஐந்து செயற்கைக்கோள்கள் வாற்பகுதியை நோக்கின. 2008 பிப்ரவரி 26ஆம் நாள் நிகழ்ந்த துணைப்புயலில், நிலவின் தொலைவில் மூன்றிலொரு பங்கு தொலைவில் மறுஇணைப்பு முதலில் தொடங்கியது. ஒன்றரை நிமிடம் கழித்தே துருவஒளி பொங்கியது. ஆயினும் உள்நிகழ்வுகளின் வரிசைபற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

வாழ்வோடு உள்ள தொடர்பு

இது வெறும் ஏட்டு வழக்கன்று. 1989 மார்ச் 13ஆம் நாள் எழுந்த பெருங்காந்தப் புயலில், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி வாடினர். முன்னெச்சரிக்கை வேண்டுமாயின் உண்மைக் காரணம் தெரிதல் வேண்டும். நம் நாடு 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்-1, புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் காந்தமானியோடு இயங்குகின்றது. அங்கு உணரப்படும் காற்று நம்மை அடைய ஏறத்தாழ ஒருமணி நேரமாகும். புலம் தெற்கே திரும்பியதை அறிந்தால் ஆற்றல் சேரப்போவதைக் கூறலாம். விடுபடும் கணத்தைத் துல்லியமாகக் கூறுவது இன்னும் அரிதாகவே உள்ளது.

முடிவுரை

தெற்குத் திருப்பம் துணைப்புயலுக்கு ஆற்றல் ஊட்டுகின்றது என்பது தெளிவு. வடக்குத் திருப்பம் அதனைத் தூண்டுகின்றது என்பதோ ஐயத்திற்குரியது. உடன்நிகழ்வதையெல்லாம் காரணமெனக் கொள்ளாது, அது இல்லாவிடினும் காரியம் நிகழுமா என வினவுதலே ஆய்வுநெறி. இலக்கியம் பயிலினும் அறிவியல் பயிலினும் மாணவர் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவேயாம்.