தேய்ந்த திருகாணியைக் கழற்றுதல்

மாதிரி மகிழுந்து, மாதிரி விமானம் ஆகியவற்றின் உறுப்புகளைச் சிறு திருகாணிகளே இணைக்கின்றன. நம் முலுண்டில் சூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அவ்வீரத்தில் அவை துருவேறி இறுகுவதுண்டு.

கூட்டல் குறி போன்ற பள்ளமுடைய திருகாணிக்கு அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அப்பள்ளம் அடிநோக்கிக் குறுகுவது. ஆதலால், வலிந்து திருகினால் திருப்புளி மேலெழும்பி வழுக்கும். பள்ளத்தின் விளிம்பு தேயும். டமியா முதலிய சப்பானிய மாதிரிகளில் உள்ள பள்ளம் சற்று வேறுபட்டது. அதற்கு ‘ஜே.ஐ.எஸ்.’ வகைத் திருப்புளியே நன்கு பொருந்தும்.

திருப்புளி ஒருமுறை வழுக்கியதும் நிறுத்துக. பின்வருமாறு முயல்க.

1. பள்ளத்தில் படிந்த அழுக்கை ஊசியால் நீக்குக.
2. துரு இருப்பின், நெகிழியில் படாமல் ஒரு துளி எண்ணெய் இட்டுக் காத்திருக்க.
3. திருப்புளியை நேராக நிறுத்தி, நன்கு அழுத்தி, மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்புக.
4. பள்ளம் தேய்ந்திருப்பின், அகன்ற இரப்பர் பட்டையை இடையில் வைத்து அழுத்தித் திருப்புக.
5. உலோக உறுப்பில் பசையிட்டு இறுக்கிய திருகாணியாயின், பெரியோர் துணையுடன் சூடேற்றுக, பசை இளகும்.

கைவலிமை திருகாணியின் தலையைத் தேய்க்கும். பொருத்தமான கருவியும் பொறுமையுமே அதனைக் கழற்றும்.

அருஞ்சொற்பொருள்

திருகாணி – ஸ்குரூ
திருப்புளி – ஸ்குரூ டிரைவர்
நெகிழி – பிளாஸ்டிக்
இடஞ்சுழி – கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை

வினாக்கள்

1. வலிந்து திருகினால் திருப்புளி வழுக்குவது ஏன்?
2. எதிர்ச்சொல் தருக: இறுகும், இடஞ்சுழி.
3. உம் வீட்டில் பழுதான பொருளொன்றைக் கழற்றும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.