பாடம் 7 : கேட்பொறியைச் சீரமைப்போம்

கற்றல் நோக்கங்கள்

- அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல்
- செய்முறையை வரிசைப்படுத்தி எழுதுதல்
- லகர, ளகர, ழகர ஒலிகளைக் கேட்டு வேறுபாடு அறிதல்
- வியங்கோள் வினைமுற்றை அறிந்து பயன்படுத்துதல்

நுழையும்முன்

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் மொழித்திறன்கள். இவற்றுள் முதலாவது கேட்டல். தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்குத் தெருவும் கடையும் பேருந்தும் நாள்தோறும் தமிழைக் கேட்பிக்கின்றன. உங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. வீட்டு வாயிலைத் தாண்டினால் வேறு மொழி ஒலிக்கிறது. எனவே ஊரிலிருந்து வரும் குரல்பதிவுகளே உங்களுள் பலருக்குத் தமிழ் கேட்கும் வழியாக உள்ளன. அக்குரலுக்கும் உங்கள் செவிக்கும் இடையே இருப்பது ஒரு சிறு கருவி. அதனை ஹெட்போன் என்கிறோம். இப்பாடத்தில் அதனைக் 'கேட்பொறி' என வழங்குவோம்.

ஏழு சிவப்பு வட்டங்கள்

மாணவச் செல்வங்களே! சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பிற்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். 'ஊரில் உள்ள பெரியவர் ஒருவர் சொல்லும் கதையைக் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதி வருக' என்பதே அது. மாணவி ஒருத்தி, திருநெல்வேலியில் உள்ள தன் ஆச்சி குரல்பதிவாக அனுப்பிய கதையை எழுதி வந்தாள். கதை நன்றாக இருந்தது. ஆனால் 'வாழைப்பழம்' என வரவேண்டிய இடத்தில் 'வாளப்பளம்' என்றும், 'கிழவி' என வரவேண்டிய இடத்தில் 'கிளவி' என்றும் எழுதியிருந்தாள். ஏழு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

அவள் முகம் வாடியது. "ஐயா, எத்தனை முறை கேட்டாலும் அப்படித்தான் கேட்கிறது. ஒலியை முழுவதும் கூட்டியும் பார்த்துவிட்டேன். கால் மணி நேரத்தில் காது வலிக்கத் தொடங்கிவிடுகிறது" என்றாள்.

மறுநாள் அவளது கேட்பொறியை வாங்கி அணிந்து பார்த்தேன். அது காதை முழுவதும் மூடும் வகை. மெத்தையின் மேலுறை வெடித்து உதிர்ந்திருந்தது. தலைப்பட்டை நெற்றிப்பொட்டை நெருக்கியது. குரலோ பானைக்குள் இருந்து பேசுவது போல் ஒலித்தது. "கருவியில்தான் குறை, வா, சரிசெய்வோம்" என்றேன்.

கருவியின் உள்ளமைப்பு

1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்டுவின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் கேட்பொறிகளைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு வழங்கினார். 1958இல் ஜான் காஸ் என்பவர், இரு செவிகளுக்கும் தனித்தனி ஒலியை வழங்கும் ஸ்டீரியோ கேட்பொறியை இசை கேட்போருக்காக அறிமுகம் செய்தார். அன்று முதல் இன்றுவரை பெரும்பாலான கேட்பொறிகளின் அடிப்படை அமைப்பு ஒன்றே.

ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் அசையும் மெல்லிய கம்பிச்சுருள், சுருளுடன் ஒட்டிய அதிர்சவ்வு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. காற்று அதிர்ந்து ஒலி பிறக்கிறது. இங்கு ஒன்றைக் கவனியுங்கள். சவ்வு முன்பக்கம் எவ்வளவு ஒலியை அனுப்புகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு ஒலியை அனுப்புகிறது.

பின்புறம் திறந்த கேட்பொறியில் அந்தப் பின்னொலி வெளியேறிவிடும். பின்புறம் மூடிய கேட்பொறியில் அது கிண்ணத்திற்குள் அடைபடும். வெளியோசை உள்ளே வராமலும், நாம் கேட்பது பிறருக்குக் கேட்காமலும் இருப்பதற்காகவே மூடிய வகையை விரும்புகிறோம். அந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலையே இந்த அடைபட்ட ஒலி.

குரல் ஏன் மங்குகிறது?

கிண்ணத்தின் கடினமான சுவரில் மோதிய பின்னொலி திரும்பி வந்து, மெல்லிய சவ்வினூடே செவியை அடைகிறது. அது சற்றுத் தாமதமாக வருவதால் சில அதிர்வெண்களை மிகுவிக்கிறது; சிலவற்றைக் குறைக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். கிண்ணத்தின் ஆழம் 4 செ.மீ. எனக் கொள்க. அதனைப் போல் இருமடங்கு, அதாவது 8 செ.மீ. அலைநீளமுள்ள ஒலி அங்கு நிலைபெற்று எதிரொலிக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 340ஐ 0.08ஆல் வகுத்தால் 4250 கிடைக்கிறது. ஆகவே 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குழப்பம் நேரும். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. எனினும், மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய குறிப்புகள் பல 1500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் உள்ளன.

இரண்டாவது காரணமும் உண்டு. தாழ்ந்த ஒலி மிகுந்தால், அது தனக்கு மேலுள்ள உயர்ந்த ஒலிகளைச் செவி உணராதவாறு மறைத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணம் தானும் சேர்ந்து அதிரும்போது முழக்கம் கூடுகிறது. குரலின் ஓசை கேட்கிறது, எழுத்து மறைகிறது.

சீரமைக்கும் முறை

கம்பியுள்ள, பழைய, உத்தரவாதக் காலம் முடிந்த கேட்பொறியை மட்டுமே எடுத்துக்கொள்க. மின்கலம் உள்ள கேட்பொறியைத் திறவற்க. மின்கலம் சேதமுற்றால் தீப்பற்றக்கூடும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க.

1. முதலில் கேட்க. பழக்கமான ஒரு குரல்பதிவைக் கேட்டு, எந்தச் சொற்கள் தெளிவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

2. மெத்தையை மாற்றுக. உதிர்ந்த மெத்தையை மெல்லக் கழற்றிப் புதியது பொருத்துக. மெத்தைக்கும் கன்னத்திற்கும் இடையே இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். கண்ணாடி அணிவோருக்கு அதன் காம்பு இவ்விடைவெளியை உண்டாக்கும். மென்மையான, தடித்த மெத்தை அதனை நிரப்பும். தோல் போன்ற உறை ஒலியை நன்கு அடைக்கும், ஆனால் வியர்க்கும். வெல்வெட் துணி உறை காற்றோட்டம் தரும், ஆனால் தாழ்ந்த ஒலியைச் சிறிது குறைக்கும். உங்கள் ஊர் வெப்பத்திற்கேற்பத் தேர்க.

3. கிண்ணத்தைத் திறக்க. திருகாணிகளைச் சிறு தட்டில் இடுக. சவ்வின் அருகில் காந்தம் இருப்பதால் இரும்புத் துகளும் திருகாணியும் பாய்ந்து ஒட்டிச் சவ்வைக் கிழிக்கக்கூடும். சவ்வை விரலால் தொடற்க. மெல்லிய கம்பிகளை இழுக்கற்க.

4. பஞ்சு இடுக. சிறிதளவு பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து கிண்ணத்தின் பின்சுவரை ஒட்டி வைக்க. பஞ்சு இழைகளிடையே காற்று நெளிந்து செல்லும்போது உராய்வினால் ஒலியாற்றல் வெப்பமாக மாறுகிறது, எதிரொலி தணிகிறது. அளவு மிகற்க. மிகுந்தால் ஒலி உயிரற்றுப் போகும். இரு கிண்ணங்களிலும் எடை சமமாக இருத்தல் வேண்டும்.

5. சுவரைக் கனப்படுத்துக. குழந்தைகள் உருவம் செய்யும் களிமண்ணைச் சிறு தகடாகத் தட்டிக் கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டுக. கனம் கூடிய சுவர் எளிதில் அதிராது. ஆனால் தலையில் சுமப்பது நீங்களே என்பதை மறவற்க. கிண்ணத்தில் உள்ள சிறு துளைகளை அடைக்கற்க. அவை காற்றழுத்தத்தைச் சீராக்கப் பொறியாளர் வேண்டுமென்றே வைத்தவை.

6. தலைப்பட்டையைத் தளர்த்துக. தலையின் அகலத்தைவிடச் சிறிது கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மீது கேட்பொறியை ஓர் இரவு மாட்டி வைக்க. அவசரப்பட்டுக் கையால் வளைத்தால் பட்டை முறியும். மிகவும் தளர்ந்தால் மெத்தை சரியாகப் படியாது, ஒலி கசியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்க. செய்த எதனையும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலவேண்டும். ஆகவே பசை பூசற்க.

ஒப்பிட்டு அறிதல்

நம் உழைப்பில் நமக்கே ஒரு பாசம் உண்டு. 'நான் சரிசெய்தேன், எனவே நன்றாக இருக்கிறது' என்று மனம் சொல்லும். மேலும், சற்று உரத்து ஒலிப்பதையே செவி சிறந்தது எனக் கருதிவிடும். ஆதலால் முன்பு கேட்ட அதே பதிவை, அதே ஒலியளவில் கேட்க வேண்டும். என்ன மாற்றம் செய்தோம் என்று அறியாத நண்பனிடம் கொடுத்துக் கேட்கச் சொல்வது இன்னும் நன்று.

செவியைக் காப்போம்

உட்செவியில் உள்ள நுண்மயிர் உயிரணுக்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. பேரொலியால் அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் காட்டும் எல்லை. ஒலி 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இருமடங்காகும். கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 78 டெசிபலில் 20 மணி நேரம். 81 டெசிபலில் 10 மணி நேரம். நன்கு மூடும், தெளிவாக ஒலிக்கும் கேட்பொறிக்கு ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை இல்லை. நாம் செய்த சீரமைப்பின் உண்மையான பயன் இதுவே.

எட்டாவது வட்டம்

இரண்டு சனிக்கிழமைகளில் பணி முடிந்தது. அம்மாணவி கேட்பொறியை அணிந்து ஆச்சியின் கதையைக் கேட்டாள். ஒலியளவைப் பாதிக்குக் குறைத்தாள். கண்கள் விரிந்தன. "ஐயா, ஆச்சி வெற்றிலை இடிக்கும் ஓசைகூடக் கேட்கிறது! ஆனால்…" என்று நிறுத்தினாள். கேட்பொறியை என்னிடம் நீட்டினாள்.

நானும் கேட்டேன். இப்போது ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது. ஆச்சி தெளிவாகவே 'வாளப்பளம்' என்றார்.

ழகரத்தை ளகரமாக ஒலிப்பது திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளில் பரவலாக உள்ள பேச்சு வழக்கு. அதனை நான் படித்திருக்கிறேன், கற்பித்தும் இருக்கிறேன். ஆயினும் அவள் ஏட்டைத் திருத்தும்போது நினைவில் கொள்ளவில்லை. 'அவர் சொன்னவாறே எழுதி வருக' என்பதுதான் நான் கொடுத்த பணி. அவள் சொன்னவாறே எழுதியிருந்தாள். அவள் செவியிலும் குறை இல்லை. ஆச்சியின் நாவிலும் குறை இல்லை. என் சிவப்பு மையில்தான் குறை இருந்தது. அதே ஏட்டில், 'திருத்தியவரின் பிழை' என்று எழுதி, எட்டாவது வட்டத்தை என் கையொப்பத்தைச் சுற்றி வரைந்தேன்.

பேச்சுத்தமிழ் ஊர்தோறும் வேறுபடும்; எழுத்துத்தமிழ் நம் அனைவருக்கும் பொதுவானது. தேர்வில் 'வாழைப்பழம்' என்றே எழுதுங்கள். ஆச்சியின் கதையை எழுதும்போது ஆச்சியின் சொல்லையே எழுதுங்கள். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், முதலில் இரண்டும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அதிர்சவ்வு – அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய படலம்
அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
முழக்கம் – கனத்த, தாழ்ந்த பேரொலி
தணிதல் – குறைதல், அடங்குதல்
வட்டார வழக்கு – ஒரு பகுதிக்கு உரிய பேச்சு முறை
ஆச்சி – பாட்டி (திருநெல்வேலி வழக்கு)

இலக்கணம் அறிவோம்

செய்க, வைக்க, கேட்க என்பவை 'க' என்னும் விகுதி பெற்ற வியங்கோள் வினைமுற்றுகள். ஆண், பெண், ஒருவர், பலர் என வேறுபாடின்றி எல்லாருக்கும் இவை பொருந்தும். தொடற்க, பூசற்க என்பவை எதிர்மறை வியங்கோள். 'கேட்க வேண்டும்' என்பதில் வரும் 'கேட்க' வினையெச்சம். 'முதலில் கேட்க' என்பதில் வரும் 'கேட்க' வியங்கோள். இடம் நோக்கிப் பொருள் கொள்க.

பயிற்சி

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சவ்வு முன்பக்கம் அனுப்பும் அளவிற்கே ________ ஒலியை அனுப்புகிறது.
2. பஞ்சு இழைகளில் ஒலியாற்றல் ________ ஆக மாறுகிறது.
3. 84 டெசிபலில் சிறுவர் வாரத்திற்கு ________ மணி நேரம் கேட்கலாம்.

ஆ) ஓரிரு தொடரில் விடை தருக.
1. மூடிய கேட்பொறியின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் எழுதுக.
2. கண்ணாடி அணிவோருக்குத் தாழ்ந்த ஒலி குறைவதேன்?
3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பது ஏன்?

இ) பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
வலி – வளி – வழி. விலை – விளை – விழை. கலை – களை – கழை

ஈ) சிந்தனை வினா
ஆசிரியர் தம் பிழையை ஏட்டிலேயே எழுதியது சரியா? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

உ) செயல்திட்டம்
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரில் உள்ள உறவினர் ஒருவரைக் கதை சொல்லச் செய்து பதிவு செய்க. அவர் சொன்னவாறே ஒரு பக்கத்திலும், எழுத்துத்தமிழில் எதிர்ப்பக்கத்திலும் எழுதி வருக. இம்முறை சிவப்பு மை இரண்டாம் பக்கத்தில் மட்டுமே விழும்.