பன்றித் தீவனமும் நம் குடோன் மூட்டைகளும்

பன்றி வளர்ப்புக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பன்றி வளர்ப்பவரின் செலவில் முக்கால் பங்கு வரை தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளம், அரிசித் தவிடு, குருணை, கடலைப் புண்ணாக்கு எல்லாம் நம் குடோனில் புரளும் சரக்குகள்தாம்.

தாம்பரத்துக்குத் தெற்கே, பொத்தேரியை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் (பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறு) தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெண்பன்றி வளர்ப்பில் பெயர் பெற்ற இடம். சாக்கடைப் பன்றியை நினைத்து முகம் சுளிப்பவர்கள் அங்கே கொட்டிலில் வளரும் பன்றிகளை ஒருமுறை பார்த்து வரலாம்.

ஓட்டல், விடுதி மிச்சச் சோறு மலிவாகக் கிடைக்கும்போது பண்ணைக்காரர் நம்மிடம் ஏன் வருவார்? வருவார். மிச்சச் சோற்றில் தண்ணீர் அதிகம். சத்து ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. குட்டிக்கும் சினைப் பன்றிக்கும் அது போதாது. 2020இல் அஸ்ஸாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் மிச்சத்தில் கிடக்கும் பன்றி இறைச்சித் துணுக்கு வழியாகவும் பண்ணைக்குள் நுழையும். ஆகவே நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கிட்டால் மலிவு அவ்வளவு மலிவாக இல்லை.

நம் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த சோளம், பூசணம் பிடித்த புண்ணாக்கு இருந்தால், "பன்றிக்குத்தானே, எதையும் தின்னும்" என்று தள்ளிவிடுகிறோம். புண்ணாக்கில் பிடிக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். இளங்குட்டிகள் முதலில் சாகும். மக்காச்சோளத்தில் வரும் இன்னொரு பூசண நஞ்சு சினை பிடிப்பதையே தடுக்கும். வெயிலில் உலர்த்தினால் பூசணம் உதிரும், நஞ்சு போகாது. நல்ல சரக்கோடு கலந்தால் அந்த மூட்டையும் கெட்டது. ஊறுகாய், கருவாட்டுக் கழிவையும் கொடுத்துவிடாதீர்கள். உப்பு மிஞ்சினால் பன்றி வலிப்பு கண்டு விழும்.

சினைக்காலம் 114 நாள். ஈன்ற குட்டி விற்பனை எடைக்கு வர மேலும் ஏழெட்டு மாதம். அதுவரை பண்ணைக்காரர் நம்மிடம் கடனில்தான் தீவனம் எடுப்பார். ஓர் ஈற்று தவறினால் அந்த ஈற்றின் வரும்படி போயிற்று. நம் பாக்கியை எதைக் கொண்டு அடைப்பார்? பத்து மூட்டைக் கெட்ட சோளத்தைக் காசாக்கப் போய் பேரேட்டில் பெரிய தொகையை எழுதித் தள்ள வேண்டி வரும்.

மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள். வந்த தேதியைச் சாக்கில் எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். சோளத்தைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் கொள்முதலே வேண்டாம்.

இறைச்சியே விற்க விரும்புவோருக்கு, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாடிக்கையாளர் உண்டு. உணவுப் பாதுகாப்பு உரிமம், மைனஸ் 18 டிகிரி காக்கும் தனி உறைபெட்டி, தனிக் கத்தி, தனித் தராசு வேண்டும். இஸ்லாமிய வாடிக்கையாளர் அதிகம் வரும் கடையில் இதைத் தொடங்காதிருப்பதே நல்லது. அவர்கள் தீவனம் மட்டும் விற்கட்டும்.