காணிக்கையும் கணக்கும்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 12:4-15, 2 கொரிந்தியர் 8:16-24



நமது மருத்துவ ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற குடும்பங்களில் சில, தெருநாய்களை மீட்டுப் பராமரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகின்றன. சமீப காலமாக அந்த நிறுவனத்தின் தலைமையைக் குறித்தும் வரவு செலவைக் குறித்தும் அவர்களுக்குள்ளே பேச்சு எழுந்திருக்கிறது. "அவர் இல்லாவிட்டால் அந்த நாய்கள் என்றோ செத்திருக்கும்" என்கிறார்கள் ஒரு சாரார். "நாம் அனுப்பியது எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை" என்கிறார்கள் மறு சாரார். ஒரே வீட்டில் மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாக நிற்கிறார்களாம். "ஐயா, இனிமேல் கொடுப்பதா, நிறுத்துவதா?" என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை விசாரிக்க எங்களை யாரும் நியமிக்கவில்லை; இரு தரப்பாரையும் எதிரெதிரே வைத்துக் கேட்டவர்களும் நாங்கள் அல்லோம். முதலில் பேசுகிறவன் சொல்வது நியாயமாகத் தோன்றும், அடுத்தவன் வந்து கேள்வி கேட்கும்வரைக்கும் என்ற கருத்தை நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். ஆனாலும் கேள்வி மெய்யான கேள்வி. ஆகையால் அதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நாய்க் காப்பகத்தின் சண்டைக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பிரம்மதேசத்தில் இருப்பவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள் வெயில் ஏறுமுன்னே பாத்திக்குப் போய்விட வேண்டும்; இருட்டிலே வரப்பில் நடக்கிறவர்களுக்கு நாய்க்கடி புதிதல்ல. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால், அதன்பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லவேண்டும். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டால் தப்பலாம். ஆழமான காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் ஊசிக்கு நான்கு முறை வரவேண்டும்: கடித்த அன்று, பின்பு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். கூலிக்கு உப்பு வாருகிறவருக்கு அது நான்கு நாள் கூலி.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 நாய்களாலேயே வருகிறது என்றும், ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களில் முக்கியமானவர்கள் இந்த நாய்த் தொண்டர்களே. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்லுவதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என்று 1960களிலேயே காட்டியது. 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கும்படி உத்தரவிட்டபோது, காப்பகம் நடத்துகிறவர்களின் பாரம் இன்னும் கூடிற்று. ஆகவே ஒரு நாய் நிறுவனம் சண்டையில் முடங்கினால், அதன் விலையை முதலில் நாய்களும், பிறகு இருட்டில் வரப்பில் நடக்கிறவர்களும் கொடுப்பார்கள்.

இப்போது பழைய சரித்திரம் ஒன்றைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த மட்டில் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலர் கூடி, மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். இன்று உலகமெங்கும் உள்ள இத்தகைய சங்கங்களுக்கெல்லாம் அது மூத்தது. கூடியவர்களில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், தாமஸ் ஃபவல் பக்ஸ்டன் ஆகியோரும், 1822இல் மாடு குதிரைகளைக் காக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிய ரிச்சர்டு மார்ட்டினும் இருந்தனர். கூட்டியவர் ஆர்தர் புரூம் என்கிற குருவானவர். அவரே முதல் செயலாளர். இந்த வேலைக்காகத் தம் சபைப் பொறுப்பையும் விட்டுவிட்டார். மாட்டுச் சந்தையில் நடக்கும் கொடுமைகளைக் கண்காணிக்க ஆட்களைத் தம் சொந்தப் பணத்தில் அமர்த்தினார்.

செலவு ஏறியது, காணிக்கை ஏறவில்லை. 1826இல் சங்கத்தின் கடனுக்காக அந்தக் குருவானவர் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் திருடினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் பலர். சிறைக்குப் போனவர் ஒருவர். மார்ட்டினும் லூயிஸ் கம்பெர்ட்ஸ் என்ற இன்னொரு அங்கத்தினரும் பணம் திரட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

இந்தக் கம்பெர்ட்ஸை நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். அவர் ஒரு யூதர்; இயந்திரங்களைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் உடையவர். மாமிசம் உண்ணமாட்டார். குதிரை இழுக்கும் வண்டியில் ஏறமாட்டார்; லண்டன் முழுவதும் நடந்தே போவார். புரூமுக்குப் பின் செயலாளர் பொறுப்பை ஏற்று, தம் கைப்பணத்தையும் போட்டு, ஆறு ஆண்டு சங்கத்தைக் கவிழாமல் நடத்தினார். ஆனால் அவருடைய போக்கு பிடிக்காதவர்கள் இருந்தார்கள். அவர் எழுதிய புத்தகம் கிறிஸ்தவ உபதேசத்துக்கு மாறானது என்றார்கள். 1832இல், சங்கம் முழுக்கக் கிறிஸ்தவ விசுவாசத்தின் மேலும் கொள்கைகளின் மேலும் நடக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யூதரான செயலாளர் என்ன செய்வார்? விலகினார். அடுத்த ஆண்டே வேறொரு சங்கம் தொடங்கினார். ஒரே ஊரில், ஒரே வேலைக்கு, இரண்டு சங்கங்கள். காணிக்கை கொடுப்பவர்களோ அதே ஜனங்கள்.

அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். சங்கம் அதன் பின்னும் வாழ்ந்தது. 1835இல் நாய்களையும் சேர்த்துக் காக்கும் சட்டம் வந்தது. 1840இல் விக்டோரியா மகாராணி அதற்கு ராயல் என்ற பட்டமும் கொடுத்தார். புரூம் அதைப் பார்க்கவில்லை. மறக்கப்பட்டவராய் 1837இல் மரித்தார். ஆனால் கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த நாம் இதைக் கவனித்தே ஆகவேண்டும்: பணத்தைக் குறித்தும் நிர்வாகத்தைக் குறித்தும் நேராகக் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேளாமல், ஒரு மனிதருடைய பிறப்பின்மேலும் பழக்கத்தின்மேலும் அவை ஏற்றப்பட்டன. பையில் பணம் இல்லாதபோது தம் பணத்தைப் போட்டவரே வெளியே போனார். கிறிஸ்தவக் கொள்கை என்ற நல்ல வார்த்தை ஒருவரை வெளியே தள்ளும் கோலாக ஆகிவிட்டது. திருச்சபைக் கமிட்டிகளில் உட்கார்ந்து பழகிய நம் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அதே சங்கம் இன்றும் இருக்கிறது. அதே பிரிவினையும் இருக்கிறது. 2012இல் சட்டவிரோதமாக நரி வேட்டையாடிய ஒரு குழுவின்மேல் வழக்கு நடத்த அது செலவழித்தது சுமார் 3,26,000 பவுண்டு. வழக்கில் வென்றது, ஆனால் தொகையைக் கேட்டு நீதிபதியே திகைத்துப்போனார். "இதற்குத்தான் கொடுத்தோம்" என்றார்கள் சிலர், "இதற்கா கொடுத்தோம்" என்றார்கள் சிலர். விலகிப்போன உயர் அலுவலர் ஒருவருக்குப் பெருந்தொகை கொடுத்ததற்காக 2018இல் அந்நாட்டு அறநிறுவன ஆணையம் சங்கத்தை எச்சரித்தது. 200ஆம் ஆண்டாகிய 2024இல், பண்ணை மிருகங்களுக்கான நற்சான்று முத்திரையைக் குறித்த வாக்குவாதத்தில் அதன் தலைவர் கிறிஸ் பாக்கமே விலகினார்.

இந்தச் சம்பவங்களை ஒன்றாகக் குழப்பாமல் பார்த்தால் மூன்று வகைச் சண்டை தெரியும். வழக்குக்குச் செலவிடலாமா, உணவுக்குச் செலவிடலாமா என்பது நோக்கத்தைப் பற்றிய சண்டை. புரூமின் கடன், கணக்கைப் பற்றியது. கம்பெர்ட்ஸின் விஷயம், ஆளைப் பற்றியது. நோக்கத்தில் வேறுபாடு என்றால், அது பாவமல்ல. உங்கள் நோக்கத்துக்கு இசைந்த வேறு ஊழியத்துக்குக் கொடுக்கலாம். ஆளைப் பிடிக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் ஜெபத்துக்குரிய காரியம். கணக்கு மட்டும் அப்படியல்ல. அதைக் கேட்டே தீரவேண்டும். நம்மிடத்தில் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. ஆளைப் பற்றி வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேசுகிறோம். கணக்கை மாத்திரம், கேட்டால் மரியாதைக் குறைவு என்று விட்டுவிடுகிறோம்.

பரிசுத்த பவுல் அப்படி நினைக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைத் தாமே கொண்டுபோனால் ஒருவரும் அவரைத் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் தீத்துவோடுகூட, சபைகள் தெரிந்துகொண்ட வேறொரு சகோதரனையும் அவர் சேர்த்துக்கொண்டார். தேவன் அறிந்தால் போதும் என்று விடாமல், மனுஷர் பார்வையிலும் குற்றம் சொல்ல இடமிராதபடி பார்த்துக்கொண்டார். கவனியுங்கள்: அந்த ஆளைத் தெரிந்தெடுத்தவர் பவுல் அல்ல, கொடுத்த சபைகள்.

யோவாஸ் ராஜாவின் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வாங்கினார்கள். ராஜாவின் 23ஆம் வருஷம்வரையில் பழுது அப்படியே இருந்தது. யோய்தா என்ன செய்தான்? ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் கணக்கரும் பிரதான ஆசாரியரும், இருவருமாக, எண்ணினார்கள். ஒருவரையும் திருடன் என்று தூற்றவில்லை; ஏற்பாட்டை மாற்றினார்கள். அந்தப் பெட்டிக்கு ஒப்பான ஏற்பாடு நாய்த் தொண்டிலும் உண்டு. கருத்தடை செய்த நாய்க்கு இவ்வளவு என்று நகராட்சி பணம் கொடுக்கும் பல இடங்களில், அறுவைச் சிகிச்சையில் எடுத்த உறுப்புகளை வைத்திருந்து, குழுவாக எண்ணிப் பார்த்த பின்பே தொகை கொடுக்கிறார்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் நல்ல ஊழியரின் பெயரை அதுவே காப்பாற்றுகிறது.

ஆகவே, கேட்டு எழுதிய குடும்பங்களுக்கு எங்கள் ஆலோசனை இது. முதலில் அந்த நிறுவனம் பதிவு பெற்ற சங்கமா, அறக்கட்டளையா என்று பாருங்கள். சங்கமானால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் பொதுக்குழு கூடவும், தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்கவும் அது கடமைப்பட்டது. அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் காணிக்கை கொடுப்பவர் எல்லாரும் அங்கத்தினர் அல்லர். பலருக்கு இது தெரியாது. குரல் வேண்டுமானால் சந்தா கட்டி அங்கத்தினர் ஆகுங்கள். அறக்கட்டளையானால் அங்கத்தினர் என்று ஒருவரும் இல்லை, அறங்காவலர்களே உண்டு. அவர்கள் எத்தனை பேர், எல்லாரும் ஒரே குடும்பமா என்று கேட்பது தவறல்ல. வெளிநாட்டுப் பணம் வாங்குகிற நிறுவனமானால், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதில் 100க்கு 20க்கு மேல் நிர்வாகச் செலவு செய்யக்கூடாது. முன்பு இந்த வரம்பு 50 ஆக இருந்தது.

பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். வதந்தியை எழுதவேண்டாம். மூன்று கேள்வி போதும்: கடந்த ஆண்டின் தணிக்கைக் கணக்கின் பிரதி கிடைக்குமா, காசோலையில் கையெழுத்திடுகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. மூப்பன் ஒருவன்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கவேண்டாம் என்று தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஆலோசனை தலைவரைப் பாதுகாக்கிறது. கணக்கை மறைக்க அது போர்வை அல்ல.

பதில் வரும்வரை என்ன செய்வது? திடீரென்று கையை மூடிக்கொள்ளாதீர்கள். காப்பகத்து நாய்க்குத் தலைவர் யார் என்று தெரியாது. அதற்குச் சாயங்காலம் சோறு வேண்டும். பணமாகக் கொடுக்க மனம் ஒப்பாவிட்டால் அரிசியாகக் கொடுங்கள். தடுப்பூசி மருந்தை வாங்கிக் கொடுங்கள். மருந்துக் கடைப் பாக்கியை நேராகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். குறித்த நாளுக்குள் பதிலே வராவிட்டால், நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்பதை அவர்களுக்கே எழுதுங்கள், அயலாருக்கு அல்ல. புதிதாக ஒரு சங்கம் தொடங்கவேண்டும் என்று சூடாக இருப்பவர்கள், 1833ஐ நினைத்து ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வது நலம்.

இதையெல்லாம் பிறருக்குச் சொல்லிவிட்டு நம் மருத்துவமனை ஒதுங்கி நிற்க முடியாது. நாங்களும் உங்கள் காணிக்கையில் நடக்கிறவர்களே. அனுப்பிய தொகை எந்தத் தலைப்பில் செலவாயிற்று என்று அறிய விரும்புகிறவர்கள், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். தணிக்கைக் கணக்கின் பிரதி வரவேற்பு அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. பிரம்மதேசம் வருகிறவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். கேள்வி கேட்பவர்களுக்குக் காப்பியும் உண்டு.