முன் சட்டம் மாற்றுதல்

சித்தூரிலிருந்து ஒரு வாடகைக் கார் திருப்பதிக்கு வந்தது. சுமார் 70 கிலோமீட்டர் தூரம். ஓட்டுநர் நேராகப் பட்டறைக்குப் போனார்.

"அண்ணா, பிரேக் போட்டால் முன்னால் 'டக்' என்று சத்தம் வருது. வண்டி ஒரு பக்கம் இழுக்குது. இன்றைக்குத் திருமலைக்குச் சவாரி இருக்கு" என்றார்.

மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்தார். முன் சட்டம் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது.

"வெல்டு வைத்துக் கொடுங்க அண்ணா. சவாரி போனால் காசு போச்சு."

"வேண்டாம் தம்பி. துருப்பிடித்த தகட்டில் வெல்டு நிற்காது. சவாரியை வேறு வண்டிக்குக் கொடு."

முன் சட்டம் என்றால் என்ன?

இது காரின் முன்னால் அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம் இதில்தான் மாட்டியிருக்கும். பல கார்களில் ஸ்டியரிங் ரேக்கும் இதில்தான் இருக்கும். சட்டம் விட்டால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது.

திருமலையிலிருந்து இறங்கும் பாதை 1944-இல் திறக்கப்பட்டது. அதில் வளைவுகள் அதிகம். வளைவுக்கு வளைவு பிரேக் போட வேண்டும். அந்தப் பாரம் முன் சட்டத்திலும் இறங்கும்.

எப்படி மாற்றுவது?

1. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

2. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டுங்கள்.

3. காரைத் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஜாக்கி இறங்கினால் உயிர் போகும்.

4. இன்ஜினை மேலிருந்து சங்கிலியால் தாங்குங்கள்.

5. லோயர் ஆர்மையும் ஸ்டியரிங் இணைப்பையும் விடுவியுங்கள். முதலில் சாக்பீஸால் அடையாளம் போடுங்கள்.

6. சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். பிறகு போல்டுகளைக் கழற்றி, மெல்ல இறக்குங்கள்.

7. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளைகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

8. புதியதை ஏற்றுங்கள். எல்லா போல்டுகளையும் முதலில் கையால் திருகுங்கள். ஒன்றை மட்டும் முழுதும் முடுக்கினால் மற்றவை துளையில் சேராது.

9. கடைசியில் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ரப்பர் புஷ் போல்டுகளை மட்டும், கார் சக்கரத்தில் நின்ற பிறகு முடுக்குங்கள்.

எண்ணைப் படியுங்கள்

எவ்வளவு முடுக்குவது? குறைந்தால் போல்டு கழலும். கூடினால் மரை போகும். சரியான அளவு அந்தக் காரின் கையேட்டில் இருக்கிறது. காருக்குக் கார் அது மாறும்.

மெக்கானிக் கையேட்டை ஓட்டுநரிடம் நீட்டினார். "நீ படி தம்பி, நான் முடுக்குகிறேன்" என்றார்.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்கள் ஓட்டுநருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்தார். முடுக்கிய போல்டில் மெக்கானிக் பெயிண்டால் கோடு போட்டார்.

பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தார்கள். சமமான சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. மறுநாள் கார் மலை ஏறியது. பத்திரமாக இறங்கியது.

பதில் சொல்லுங்கள்

1. மெக்கானிக் ஏன் வெல்டு வைக்கவில்லை?
2. ஜாக்கியை மட்டும் ஏன் நம்பக் கூடாது?
3. உங்கள் தொழிலில் படிக்க வேண்டிய எண்கள் எவை? எழுதுங்கள்.