இடாப்பு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

பிரதேச செயலகத்திலோ பள்ளிக்கூட அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஐ.ரி. கம்பனியிலோ புதிதாகச் சேர்ந்து, மற்றவர்களின் விபரங்களைக் கணினியில் பதியப் போகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். தகவல் பாதுகாப்பு வகுப்புக்குப் போனால் முதல் நாளே சொற்களை வரிசையாக எழுதித் தருவார்கள். பாடமாக்கலாம், பரீட்சையும் பாஸ் பண்ணலாம். யாரைக் காப்பாற்ற அந்தச் சொற்கள் வந்தன என்று விளங்காவிட்டால் வேலையில் உதவாது. அதை விளங்கப்படுத்த எங்கள் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை.

1. தனிப்பட்ட தரவு. ஓர் ஆளை இன்னார் என்று காட்டக்கூடிய எந்த விபரமும் இதற்குள் வரும். பெயர், முகவரி, படம், கைரேகை, கிளினிக் கொப்பி எல்லாம்தான். அடையாள அட்டை எண்ணை வெறும் எண் என்று கனபேர் நினைக்கிறார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 72561 என்று தொடங்கினால் 1972 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண். இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாகியதே தவிரக் கணக்கு மாறவில்லை. உதவி பெறுவோர் பட்டியலை அட்டை எண்ணோடு அறிவித்தல் பலகையில் ஒட்டினால், எல்லோருடைய வயதையும் சேர்த்துத்தான் ஒட்டுகிறீர்கள்.

2. நோக்கம். ஒரு காரியத்துக்கென்று வாங்கிய தரவை இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இது ஒரு வரி. நான் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடிப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இடாப்பில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. அதை எழுதிய எழுதுவினைஞருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. வாக்குப் போடுவதற்காக எடுத்த பெயரும் வீட்டு இலக்கமும் யாரைத் தாக்குவது என்று காட்டிக் கொடுத்தன. இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. ஜெர்மன் நாசிகள் ஒல்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் யூதர்களைத் தேட அங்குள்ள குடிசனப் பதிவேடு உதவியது. அதனால்தான் 1943 மார்ச் 27ஆம் திகதி இரவு ஆம்ஸ்டர்டாமில் எதிர்ப்பு இயக்கத்தினர் அந்தப் பதிவேடு இருந்த கட்டடத்துக்குள் புகுந்து வெடி வைத்தார்கள். தரவை அழித்து ஆட்களைக் காக்க வேண்டிய நிலை வந்தது. அதே ஒல்லாந்தர் இங்கே ஆண்டபோது தலைத்தோம்பில் ஆட்களையும் நிலத்தோம்பில் காணிகளையும் எழுதினார்கள். அது வரிக்கும் ஊழியத்துக்கும் எழுதியது. இன்று பரம்பரை தேடுகிறவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். பதிந்தவர் நினைத்த வேலையோடு எந்தப் பதிவும் நின்றுவிடுவதில்லை.

கேள்வி கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2011 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாகக் குடும்ப விபரம் பதிந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு அங்கே சொன்னது. ஆகவே ஒரு படிவத்தில் சாதி, சமயம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் விபரம் என்று கட்டங்கள் இருந்தால், "இது எதற்கு?" என்று மேலதிகாரியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கட்டம் தேவையில்லாதது.

3. இரகசியம், குலையாமை, கிடைத்தல். பாதுகாப்பு என்றால் இந்த மூன்றும். உரியவர் மட்டும் பார்ப்பது முதலாவது. எழுதியது எழுதியபடி இருப்பது இரண்டாவது. காணிக்குக் கள்ள உறுதி முடிக்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவைப்படும் நேரத்தில் கையில் இருப்பது மூன்றாவது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தது. அவற்றை விட்டுவிட்டுப் போனவர்கள் பிரதி எடுக்க ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள்.

4. பக்கப், அதாவது காப்புப் பிரதி. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. அச்சுப் புத்தகத்தை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுக்கு என்ன செய்வது?

இந்தப் பாடத்தை இலங்கை அரசாங்கம் 2023இல் திரும்பப் படித்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி அரச முகிற் கணினித் தொகுதியை ரான்சம்வெயார் தாக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு திறப்புக்குக் காசு கேட்கிற மென்பொருள் அது. ஐயாயிரம் அளவிலான அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரை வந்து போன கடிதங்கள் இல்லாமல் போயின. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அதற்குள். பக்கப் இருக்கவில்லையா என்றால், இருந்தது. தாக்குதலில் அதுவும் சேர்ந்து பூட்டுப்பட்டது. அங்கே ஓடிய மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. மைக்ரோசொப்ட் அதற்கான திருத்தங்களை 2023 ஏப்ரலோடு நிறுத்தியிருந்தது. அப்டேட் கேட்கும்போது "பிறகு" என்று அழுத்துகிறவர்கள் இதை ஒருக்கால் நினைக்க வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். இதுதான் வழமையான விதி. வேறு இடத்தில் இருப்பதை வலையமைப்போடு இணைத்து வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்; திறக்காத பக்கப்பை நான் பக்கப் என்று கணக்கெடுப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி இணையத்தில் ஏற்றி வருகிறதே, எங்கள் சமூகம் எடுத்த பெரிய பக்கப் அதுதான்.

5. கடவுச்சொல். நீளம் முக்கியம், குறியீடுகள் பிறகு. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் போதும். பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு வேண்டாம், குலதெய்வத்தின் பெயரும் வேண்டாம். மாதாமாதம் மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. மாற்றி மாற்றிக் களைத்தவர்கள் அதைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்த மாற்றும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. இன்னொன்று: மறந்துவிட்டது என்று சொன்னதும் உங்கள் பழைய கடவுச்சொல்லையே எடுத்து அனுப்புகிற இணையத்தளத்தில் கணக்கு வைக்காதீர்கள். ஒழுங்கான தளத்துக்கு அது தெரிந்திருக்கவே கூடாது.

6. இரண்டாம் பூட்டு, ஓ.டி.பி., அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இலக்கம். கடவுச்சொல் களவு போனாலும் உள்ளே விடாமல் மறிப்பது இது. இங்கே களவு எப்படி நடக்கிறதென்றால், தெரிந்தவரின் வட்ஸ்அப்பில் இருந்து செய்தி வரும்: "பிழையாக உங்களுக்கு ஆறு இலக்கம் அனுப்பிவிட்டேன், ஒருக்கால் சொல்லுங்கோ." சொன்ன நிமிடமே உங்கள் வட்ஸ்அப் கள்ளனின் கையில். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கும் சுவிஸில் இருக்கும் அண்ணாவுக்கும் உங்கள் பெயரில் காசு கேட்டுச் செய்தி போகும். ஊரில் அந்தரம் என்றால் யோசிக்காமல் அனுப்புகிற சனம் அது. வட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பு என்று இருக்கிறது, இன்றைக்கே போடுங்கள். பறிபோனால் உங்கள் எண்ணை வைத்து உடனே திரும்பப் பதியுங்கள், அவன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன் பின் எண்ணைப் போட்டுவைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

7. பிஷிங், அதாவது பொய்ச் செய்தி அனுப்பி விபரம் பிடுங்குவது. "உங்கள் பொதி வந்துள்ளது, முகவரி பிழை, இந்த லிங்கை அழுத்துங்கள்." வெளிநாட்டில் இருந்து பொதி வராத வீடு இங்கே குறைவு, அதனால்தான் அழுத்துகிறோம். அழுத்தாதீர்கள்.

8. போட்டோகொப்பிக் கடை. வகுப்பில் இது வராது. பிரிண்ட் எடுக்க அடையாள அட்டையையும் பாங்குப் புத்தகத்தையும் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். அவருடைய கணினியில் ஊரின் பாதி அட்டைகள் கிடக்கின்றன. அவர் நல்ல மனிதர்தான், கணினியில் பூட்டு இல்லை. முன்னால் நின்று அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத்தொட்டியையும் காலியாக்கச் சொல்லுங்கள். கொடுக்கிற பிரதியின் குறுக்கே என்ன அலுவலுக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதுங்கள்.

9. சட்டம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. முழுதாக நடைமுறைக்கு வருவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அதற்காகத் தெரியாமல் இருக்க முடியாது. தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் கட்டுப்பாட்டாளர். அவருக்காக வேலை செய்து கொடுப்பவர் செயன்முறையாளர். லண்டன் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர் விபரத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து பதிகிற நீங்கள் இரண்டாவது வகை. அங்கத்தைய சட்டமும் ஒப்பந்தம் வழியாக உங்கள் மேசைக்கு வரும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் ஆளுக்கு உரிமை உண்டு. மீறினால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம்.

10. கசிவு நடந்தால். முதலில் வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டாம், நினைவகத்தில் தடயம் இருக்கும். திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் கடதாசியில் எழுதுங்கள். பொறுப்பானவருக்கு அப்போதே சொல்லுங்கள். ஏச்சு விழும், விழட்டும். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் அமைப்பின் இலக்கம் 101. பிறகு கசிந்த பட்டியலில் இருக்கிற ஆட்களுக்கு அறிவியுங்கள். விதானையார் மூலம் சொல்வோம், நோட்டீஸ் ஒட்டுவோம் என்று நாளைக் கடத்தாமல், தொலைபேசி எண் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கே அழைப்பெடுத்து, எந்த விபரம் போனது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.